18 அடிப் படகுக்குப் பாவித்த வெளியிணைப்பு இயந்திரம்: 25 மண்ணெண்ணெயா, 15 பெற்றோலா?

கொண்டல் (அளம்பில்)

வணக்கம். எங்களிடம் 18 அடி நீளமான கண்ணாடியிழைப் படகு ஒன்று உள்ளது. அதில் பூட்டியிருந்த இயந்திரத்தின் சிலிண்டர்ச் சுவர் இனிமேல் கடைந்து பெரிதாக்கவும் இடமில்லாத அளவுக்குத் தேய்ந்துவிட்டதால், சோளகக் காற்று முடிந்து கடல் மாறுவதற்கு முன்னர் வேறொன்று வாங்கியாக வேண்டும். புதியது வாங்க வசதியில்லை. 2022 ஆம் ஆண்டு டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியபோது ஏறிய விலை, எங்களைப் போன்றவர்களின் கைக்கெட்டும் அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

பாவித்த இயந்திரங்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 25 குதிரைவலு, மண்ணெண்ணெயில் ஓடுவது. சிலாபம் பக்கத்திலிருந்து வந்ததாக விற்பவர் சொல்கிறார், புதிதாக நிறம் பூசப்பட்டுப் பார்வைக்கு மிக அழகாக இருக்கிறது. இரண்டாவது 15 குதிரைவலு, பெற்றோலில் ஓடுவது. மாத்தளன் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் தொழிலை விட்டு வெளிநாடு போவதால் விற்கிறார். அதன் மூடி வெடித்திருக்கிறது, நிறமும் உரிந்திருக்கிறது. இரண்டும் யமஹா, இரண்டும் இரட்டைச் சிலிண்டர் கொண்ட ஈரடிப்பு (2-stroke) வகை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நானும் அப்பாவும் மட்டுமே கடலுக்குப் போகிறோம். சூடை, கும்பளா வலைதான் தொழில். எங்கள் கரையில் இறங்குதுறை கிடையாது. மணலிலிருந்து தள்ளி, அலையைக் கடந்தே இறங்கவும் ஏறவும் வேண்டும். எதை எடுக்கலாம், எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாயாற்றுப்பாலம்

தம்பி, 25 ஐ எடுங்கள். கிழக்குக் கரையில் அலை முறியும் இடத்தை இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்குள் கடக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் இழுவை போதாவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலா கொடுத்துவிடும். காற்று மாறித் திரும்பும்போது வலையும் மீனும் நிறைந்த படகை 15 இழுக்கும், ஆனால் ஓட்டாது. போர்க்காலத்தில் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது சிறிய இயந்திரத்தோடு பட்ட பாட்டை உங்கள் அப்பாவிடம் கேட்டால் சொல்வார்.

வலைப்பாட்டான் (பூநகரி)

எங்கள் பக்கத்தில் 8 உம் 15 உம் போதும் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். ஆனால் அது பாக்குநீரிணைக் கடல். ஆழம் குறைவு, அலை முறிவும் உங்களுடையதைப் போல இராது. இங்கே இயந்திரத்தைக் கெடுப்பவை சேறும் சாதாளை என்னும் கடற்பூண்டுமே. சாதாளை நீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துக்கொண்டால், ஓட்டுநர் கவனிப்பதற்குள் சிலிண்டர்த் தலை சூடேறிவிடும். ஆகவே, என் கடலின் அளவுகோலை உங்கள் கடலுக்கு அப்படியே கொண்டுவர நான் விரும்பவில்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். இயந்திரத்தை இரவில் கரையிலேயே விடுவீர்களா, வீட்டுக்குத் தூக்கிச் செல்வீர்களா? 15 குதிரைவலு ஈரடிப்பு இயந்திரம் 40 கிலோவுக்குள் அடங்கும். பழகிய ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம். 25 ஏறத்தாழ 50 கிலோ. 40 குதிரைவலு என்றால் 70 கிலோவைத் தாண்டும், அதற்கு இருவர் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வயது என்ன என்று தெரியாது. நாள்தோறும் மணலில் அந்தச் சுமையை யார் தூக்கப் போகிறார்கள் என்பதையும் குதிரைவலுவோடு சேர்த்து யோசிக்க வேண்டும். எளிதில் கழற்றித் தூக்கிச் செல்லக்கூடிய பொருள் என்பதால், கரையில் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கவும் முடியாது.

செம்மலைச் சம்மாட்டி

இருவரும் குதிரைவலுவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முதலில் கேட்பது இயந்திரத்தின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பகுதியைப் பற்றி. படகின் பின்பலகை எவ்வளவு உயரம்? 15 அங்குலப் பலகைக்குக் குட்டைக் கால், 20 அங்குலப் பலகைக்கு நீளக் கால். யமஹாவின் மாதிரி எழுத்துகளின் ஈற்றில் எஸ் என்றிருந்தால் குட்டை, எல் என்றிருந்தால் நீளம். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, அதற்கு ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். அதைவிட மேலே நின்றால் அலையில் படகு தூக்கும் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும்; அப்போது 25 ஆனாலும் 40 ஆனாலும் இழுவை இல்லை. கீழே அதிகம் இறங்கினால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், எரிபொருள் வீணாகும், கரையேறும்போது மணலில் முட்டும்.

மணலைப் பற்றி நாயாற்றுப்பாலம் சொல்லவில்லை. நம்முடைய கரையில் இயந்திரம் சாவதற்கு மணலே முதற் காரணம் என்பது என் கருத்து. முறியும் அலையில் மணல் கலங்கி நிற்கும். கரையேறும் வேளையில் இயந்திரத்தைத் தூக்கத் தாமதித்தால் அந்த மணல்நீரை நீர்ப்பம்பி இழுத்து, உள்ளேயிருக்கும் றப்பர் இதழ்களைத் தேய்த்துவிடும். ஆகவே முல்லைத்தீவுக் கரையில் ஓடிய எந்த இயந்திரத்தை வாங்கினாலும், எவ்வளவு நல்லது என்று சொன்னாலும், பம்பியின் றப்பரை மாற்றிவிட்டே கடலுக்கு எடுங்கள்.

கொண்டல்

எல்லோருக்கும் நன்றி. பின்பலகையை அளந்தேன், 20 அங்குலம். இரண்டு இயந்திரங்களும் நீளக் கால்தான். இரவில் வீட்டுக்குத்தான் தூக்கி வருவோம். அப்பாவுக்கு முதுகு சரியில்லை; ஆகவே தூக்குபவன் நான்.

என்னை 25 பக்கம் இழுப்பது மண்ணெண்ணெய்தான். எரிபொருள் செலவு பாதியாகும் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

பழைய மெக்கானிக் (முல்லைத்தீவு நகரம்)

மண்ணெண்ணெய் இயந்திரம் என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை இருக்கிறது. வாங்குபவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. தொழிற்சாலையிலேயே மண்ணெண்ணெய்க்கென்று செய்யப்பட்டது ஒரு வகை. யமஹாவில் அதன் மாதிரிப் பெயர் ஈ.கே. என்று தொடங்கும். மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும் இயல்புடையது என்பதால், அந்த வகையில் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைத்து அமைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வகை, பெற்றோல் இயந்திரத்தைக் கரையில் யாரோ ஒருவர் சிலிண்டர்த் தலைக்கடியில் இன்னொரு தகடு வைத்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் துவாரத்தை மாற்றி, மண்ணெண்ணெய்க்குப் பழக்கியது. ஓடும், ஆனால் முழு வேகத்தில் சுமையோடு ஓடும்போது உள்ளே தட்டத் தொடங்கிப் பிஸ்ரனின் மேற்புறத்தை அரிக்கும். அந்தத் தட்டும் சத்தம் அலைச்சத்தத்தில் கேட்காது.

உண்மையான மண்ணெண்ணெய் வகை என்றாலும் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் குழாய்த்திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் மிஞ்சியிருக்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். வலை வளைக்கும்போது நாளொன்றுக்கு எத்தனை முறை நிறுத்தித் தொடக்குகிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர் அரிது. கடைப்பிடிக்காதவரின் இயந்திரத்தில் பிளக் நனைந்து கருகியிருக்கும், பிஸ்ரன் வளையங்கள் கரியில் ஒட்டியிருக்கும், புகை வெளியேறும் வழி பாதி அடைபட்டிருக்கும். இவற்றைச் சுத்தம் செய்யலாம், ஆனால் அந்தச் செலவு வாங்குபவருடையது.

ஆகவே முதலில், இயந்திரத்தைப் படகில் இறுக்கும் பற்றுச்சட்டத்தில் இருக்கும் தகட்டைப் பார்த்து, அதில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

சங்கக் கணக்கு (நாச்சிக்குடா)

நான் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறேன். கடலைப் பற்றி அண்ணன்மார் சொல்வதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. எரிபொருள் செலவு பாதியாகும் என்பது பழைய காலக் கணக்கு. 2022 ஓகஸ்ட் 22 ஆம் திகதி வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தது. அன்று 340 ரூபாயாக்கப்பட்டது. பெற்றோல் அப்போது 450 ரூபாய். மண்ணெண்ணெயைப் போல ஐந்து மடங்காக இருந்த பெற்றோல் விலை, ஓர் இரவில் அதைவிட மூன்றிலொரு பங்கு மட்டுமே கூடியதாயிற்று. அந்த நாட்களில் எத்தனை படகுகள் கரையிலேயே கிடந்தன என்பது இங்கு எழுதுபவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னர் இரண்டின் விலையும் இறங்கின. ஆனாலும் 87 ரூபாய்க் காலம் திரும்பி வரவில்லை.

அதனால் இன்று எரிபொருள் நிலையப் பலகையில் இருக்கும் இரண்டு விலைகளையும் எடுத்து, உங்கள் ஓட்டத்துக்குக் கணக்கிடுங்கள். 15 குதிரைவலு ஈரடிப்பு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 7 லீற்றர் குடிக்கும். 25 ஏறத்தாழ 11, 12 லீற்றர். மண்ணெண்ணெயில் அதே இழுவைக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகப் போகும். தொடக்கவும் நிறுத்தவும் செலவாகும் பெற்றோல் தனி. லீற்றரின் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு 25 மலிவாகத் தோன்றும். ஒரு நாள் தொழிலின் மொத்தச் செலவைப் பார்த்தால், 15 இல் பெற்றோல் ஊற்றுவதும் 25 இல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதை நீங்களே காண்பீர்கள். எங்கள் சங்கத்து உறுப்பினர்கள் சிலர் இதே கணக்கைப் பார்த்துத்தான் இயந்திரத்தைச் சிறிதாக்கினார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பணத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மீன் எடுக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கி இயந்திரம் எடுத்தால், அந்தப் பணம் தீரும் வரை மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். கிலோவுக்கு இழக்கும் தொகை வட்டி என்று எங்கும் எழுதப்படாது. ஆனால் அது வட்டிதான். இயந்திரத்தின் விலையில் அதையும் சேர்த்தே பாருங்கள்.

கொண்டல்

அக்கா, முதலாளியிடம் வாங்கவில்லை. அம்மாவின் நகையும் சீட்டுக் காசும்தான்.

மெக்கானிக் ஐயா, 25 இன் தகட்டைப் பார்த்தேன். ஈ.கே. என்று இல்லை, ஈ என்று மட்டுமே இருக்கிறது. கேட்டதற்கு, தலையை மாற்றி மண்ணெண்ணெய்க்கு ஆக்கியது என்று இப்போது சொல்கிறார். தகட்டிலிருக்கும் தொடர் இலக்கத்தின் கடைசிப் பகுதி நிறத்தால் மூடியிருக்கிறது. காலில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்தே நிறம் பூசியிருக்கிறார்கள்.

இரண்டையும் முறையாகப் பரிசோதிக்க என்ன செய்ய வேண்டும்?

பழைய மெக்கானிக்

துத்தநாகக் கட்டிக்கு நிறம் பூசியவருக்கு அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாது. உப்புநீர் அலுமினியத்தை அரிக்காமல் தன்னை அரிக்கக் கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. நிறத்துக்குள் மூடினால் அது வேலை செய்யாது. பாதி கரைந்த துத்தநாகம் உள்ள இயந்திரமே கவனித்து வைக்கப்பட்ட இயந்திரம். நிறம் பூசுவது குற்றமன்று. ஆனால் சிலிண்டர்த் தலைக்கும் பூசியிருந்தால் எதற்காக என்று கேளுங்கள். அதிகமாகச் சூடேறிய தலையில் பழைய நிறம் கொப்புளித்துப் பழுப்பேறியிருக்கும். புதிய பூச்சு அதை மறைத்துவிடும். பூசியவர்கள் ஆணிகளின் தலையை மறந்துவிடுவதுண்டு. மூலை மழுங்கிய ஆணிகள் இருந்தால், பலமுறை திறக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

பார்க்கப் போவதற்கு முன்னர், இயந்திரத்தைத் தொடக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டர்த் தலையில் கை வைத்து, குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் தொடங்குகிறது என்பதை அறியாமல் வாங்கக் கூடாது.

அடுத்தது கியர் ஒயில். இது எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். முதல் நாள் இரவு முழுவதும் இயந்திரம் நிமிர்ந்து நின்றிருந்தால், உள்ளே புகுந்த தண்ணீர் ஒயிலுக்கு அடியில் தங்கிவிடும். காலின் கீழேயுள்ள திருகாணியைச் சிறிதளவு மட்டும் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா, ஒயிலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒயில் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்து ஓடியிருக்கிறது. விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள்; மினுமினுக்கும் தூள் சிறிதளவு இருப்பது வழமை, நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் பற்சில்லு உடைகிறது. அந்தத் திருகாணிக்கு ஒரு புதிய வளையத் தகட்டைக் கையோடு கொண்டு போனால் விற்பவரும் மறுக்கமாட்டார்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? நம்முடைய இடத்தில் பெரும்பாலும் தங்கூசியால், அதாவது வலையின் நைலோன் நூலால்தான். அறுந்த வலையின் தங்கூசி புரொப்பெல்லருக்குப் பின்னால் அச்சில் சுற்றிக்கொண்டு, அங்கேயுள்ள றப்பர்ச் சீலை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்காமல் அது கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய கையோடு அச்சை மெதுவாகச் சுழற்றுங்கள். நுனி வட்டமடித்தால் அச்சு வளைந்திருக்கிறது, பாரில் (கடலடிப் பாறையில்) மோதிய இயந்திரம் அது.

பிறகு அமுக்கம். பிளக்குகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் வயர்களை இயந்திரத்தின் உடலோடு தொடுத்துவைத்து, வேகப்பிடியை முழுவதும் திறந்தபடி கயிற்றை நான்கைந்து முறை பலமாக இழுத்து அளக்க வேண்டும். வயரைத் தொடுக்காமல் இழுத்தால், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டி எரிந்துபோகக் கூடும். பிறகு அந்தச் சண்டையை யாராலும் தீர்க்க முடியாது. எண் எவ்வளவு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், மண்ணெண்ணெய் வகையில் குறைவாகவே காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை. நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் நல்லது. பதினைந்தைத் தாண்டினால் ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமக்கிறது.

பறப்புச் சில்லை, அதாவது கயிறு சுற்றும் அந்தப் பெரிய சில்லை, இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் மாற்றச்சை, அதாவது பிஸ்ரன்கள் சுழற்றும் அச்சைத் தாங்கும் போல்கள் (உருண்டைத் தாங்கிகள்) தேய்ந்திருக்கின்றன. அந்தச் சில்லின் அடியில் ஒளியடித்துப் பாருங்கள். அலையில் கவிழ்ந்து கடலுக்கடியில் கிடந்த இயந்திரங்களும் சந்தைக்கு வருகின்றன. வெளியே எவ்வளவு துடைத்தாலும் சில்லின் அடியிலும் வயர்கள் பொருந்தும் இடங்களிலும் உப்பும் துருவும் நிற்கும். எடுத்த உடனே நன்னீரில் கழுவி ஒயில் விட்டு ஓட்டியிருந்தால் தப்பியிருக்கும். மறுநாள் வரை விட்டிருந்தால் உள்ளேயுள்ள உருக்குப் போல்களில் துரு பிடித்திருக்கும். அப்படிப்பட்டதை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

நாயாற்றுப்பாலம்

ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் அமுக்கம் அளக்கும் கருவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

பழைய மெக்கானிக்

மோட்டார் சைக்கிள் திருத்துமிடங்களில் இருக்கும், பிளக்கின் புரி ஒத்துவந்தால் அதையே பாவிக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிவிட்டு மற்றச் சிலிண்டரின் இழுவையைக் கயிற்றில் உணருங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருந்தால் கை சொல்லிவிடும். சிறிய வேறுபாட்டைக் கை சொல்லாது.

வலைப்பாட்டான்

இதற்கிடையில் நாலடிப்பு இயந்திரத்தை யாரும் குறிப்பிடவில்லை. எரிபொருள் குறைவாகக் குடிக்கிறது, ஒயில் கலக்கத் தேவையில்லை, புகையும் இல்லை. எங்கள் பக்கத்தில் கடலட்டைப் பண்ணைகளுக்குப் போய்வரும் சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

செம்மலைச் சம்மாட்டி

இறங்குதுறை உள்ளவருக்கு நல்லது. நம்முடைய மணற்கரைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பாரம் கூட, குறிப்பிட்ட பக்கமாகத்தான் படுக்க வைக்கலாம், மறுபக்கம் படுத்தால் ஒயில் சிலிண்டருக்குள் போய்விடும். அவசரத்தில் மணலில் இறக்கிவைப்பவன் பக்கம் பார்த்தா வைப்பான்? பாவித்த நாலடிப்பை வாங்குவதென்றால், முன்னையவர் ஒயிலை ஒழுங்காக மாற்றினாரா என்பதை அவருடைய வாய்ச்சொல்லை வைத்தே நம்ப வேண்டியிருக்கிறது. ஈரடிப்பை இந்தக் கரையில் திருத்தத் தெரிந்தவர்கள் பலர். நாலடிப்புக்கு முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இயந்திரத்தை ஏற்ற வேண்டி வரலாம். இயந்திரம் நிற்கும் நாள் தொழிலும் நிற்கும் நாள்.

தம்பி, பரலில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். பரலில் சுமை இல்லை. கெட்ட இயந்திரமும் பரலில் இனிமையாகப் பாடும். உங்கள் படகிலேயே பூட்டி, உங்கள் வலையையும் ஏற்றிக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் கடலில் ஓட்டுங்கள். பின்னால் பீச்சும் குளிர்நீர் இடைவிடாமல் வருகிறதா, முழு வேகத்திலிருந்து குறைத்தால் நின்றுவிடாமல் மெதுவோட்டத்தில் நிற்கிறதா, சூடான பின் நிறுத்தி உடனே இழுத்தால் தொடங்குகிறதா என்று பாருங்கள். குளிரில் நன்றாகத் தொடங்கிச் சூட்டில் தொடங்க மறுக்கும் இயந்திரங்கள் உண்டு. பெரும்பாலும் பற்றவைக்கும் சுருளின் கோளாறு. நடுக்கடலில் வலையை இழுத்தெடுத்தபின் அந்தக் கோளாறு தெரியவந்தால் துடுப்புத்தான்.

கொண்டல்

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். 25 இன் உரிமையாளர் கியர் ஒயில் திருகாணியைத் தொட விடவில்லை. கடலில் ஓட்டிப் பார்ப்பதென்றால் முழுப்பணத்தையும் முதலில் தர வேண்டும் என்றார். தொடர் இலக்கத்தை மூடியிருக்கும் நிறத்தைச் சுரண்டவும் சம்மதிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

15 மூன்றாவது இழுப்பில் தொடங்கியது. அமுக்கம் இரண்டு சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சில்லில் அசைவில்லை. ஆனால் கியர் ஒயில் பால்நிறமாக வந்தது. புரொப்பெல்லரைக் கழற்றினால், ஐயா சொன்னதைப் போலவே தங்கூசி சுற்றியிருந்தது. கடலில் ஓட்டினோம். நீர் பீச்சுவது சற்று மெலிவாக இருந்தது. சூட்டிலும் தொடங்கியது. இருவரும் வலையுமாக அலையைக் கடந்தோம். வேகம் போதாது என்று அப்பா சொல்கிறார். கியர் ஒயிலைக் காட்டியதும் உரிமையாளரே விலையைக் குறைப்பதாகச் சொன்னார். எடுக்கலாமா?

பழைய மெக்கானிக்

துகள் தட்டுப்படாமல் வெறும் பால்நிறம் மட்டும் என்றால் எடுக்கலாம். சீல் விலை சிறியது. ஆனால் தண்ணீர் கலந்த ஒயிலில் எவ்வளவு காலம் ஓடியது என்பது தெரியாததால், சீலை மாற்றுவதற்காகக் காலைத் திறக்கும்போது போல்களையும் பார்த்துவிடுங்கள். துருப்புள்ளி இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். விலை பேசும்போது சீலை மட்டும் கணக்கில் எடுக்காமல் போலையும் சேர்த்துப் பேசுங்கள். நீர் மெலிவாக வருவதற்குப் பம்பியின் றப்பர் காரணமாக இருக்கலாம், உப்பு அடைத்திருக்கவும் கூடும். காலைக் கழற்றிய கையோடு றப்பரை மாற்றி, மேலே போகும் குழாயில் நன்னீரை விட்டுப் பாருங்கள். தடையின்றிப் போனால் றப்பர்தான். தடைப்பட்டால் தலைமூடியைத் திறந்து உப்பைச் சுரண்ட வேண்டும். அந்த ஆணிகள் அலுமினியத்தோடு இறுகியிருக்கும், பலத்தைக் காட்டி முறித்துவிட வேண்டாம். ஒயில் விட்டு ஒரு நாள் பொறுத்திருந்து திறக்க வேண்டும்.

திருத்தி முடித்துப் புதிய ஒயில் விட்டபின், சிறிது ஓடியதும் அதே திருகாணியை மறுபடியும் தளர்த்திப் பாருங்கள். தெளிவாக வந்தால் சீல் பிடித்திருக்கிறது.

சங்கக் கணக்கு

பணம் கொடுக்கும் நாளில் பற்றுச்சீட்டு எழுதுங்கள். விற்பவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், இயந்திரத்தின் மாதிரி, தொடர் இலக்கம், தொகை, திகதி, இருவரின் ஒப்பம், சங்கத் தலைவர் அல்லது செயலாளரின் சாட்சி ஒப்பம். அவர் வெளிநாடு போகிறவர் என்பதால் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே அவரிடம் பழைய கொள்வனவுச் சீட்டு இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய படகுப் பதிவோடு இந்த இயந்திர இலக்கம் ஒத்துப்போகிறதா என்பதைக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுவிட்டு, உங்கள் படகின் விபரத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள். இலக்கத்தை மூடி வைத்திருக்கும் 25 ஐ விட்டது நல்லது. அதன் பின்னால் யாருடைய கண்ணீர் இருக்கிறதோ.

நாயாற்றுப்பாலம்

நான் இன்னும் 25 தான் வேண்டும் என்பேன், ஆனால் அந்த 25 இல்லை. உங்கள் அப்பா வேகம் போதாது என்று சொன்னதைத் தட்டிவிட வேண்டாம்.

செம்மலைச் சம்மாட்டி

வேகம் போதாததற்கு இயந்திரம் காரணமா, புரொப்பெல்லர் காரணமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முன்னையவர் களப்பில் தனியாக ஓடியவராக இருந்தால், பாரமில்லாத படகுக்கேற்ற கூடிய சரிவுள்ள, அதாவது ஒரு சுற்றில் கூடிய தூரம் தள்ளும் புரொப்பெல்லரைப் பூட்டியிருப்பார். சுமையேறிய படகில் அது இயந்திரத்தை மூச்சுத் திணற வைக்கும். இந்த வகை இயந்திரம் முழுத்திறப்பில் நிமிடத்துக்கு 4500 இலிருந்து 5500 சுற்று வரை போக வேண்டும். அதற்குக் கீழே நின்றால் வலு வெளியே வராது, உள்ளே கரிதான் சேரும். சரிவு ஓரிரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை மாற்றினால் உச்ச வேகம் சற்றுக் குறையலாம், ஆனால் அலை முறிவில் உங்களுக்கு வேண்டிய இழுவை கிடைக்கும். புரொப்பெல்லரின் நடுக்கட்டையில் இரண்டு எண்கள் அடித்திருக்கும், முதலாவது விட்டம், இரண்டாவது சரிவு, இரண்டும் அங்குலத்தில்.

கொண்டல்

பேசிய விலையில் போலுக்கும் சீலுக்கும் றப்பருக்கும் கழித்துக்கொண்டு 15 ஐ எடுத்துவிட்டோம். பற்றுச்சீட்டில் சங்கத் தலைவர் ஒப்பமிட்டார். புரொப்பெல்லரின் நடுக்கட்டையில் எண் தேய்ந்திருக்கிறது. விட்டம் தெரிகிறது, சரிவு தெரியவில்லை.

செம்மலைச் சம்மாட்டி

அதைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். என் வாடியில் 15 க்குப் பொருந்தும் புரொப்பெல்லர் இரண்டு கிடக்கின்றன, சரிவு வெவ்வேறு. சனிக்கிழமை இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, உங்கள் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அலையைக் கடந்து பார்ப்போம். அவருக்கு எது சரியென்று படுகிறதோ அதைக் கொண்டுபோகலாம்.